மரத்தூர் மசியவில்லையா? ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கான வழிமுறை

மரத்தைச் சாய்ப்பது அரை நாள் வேலை. அதற்குப் பிறகு மண்ணில் நிற்கும் தூர்தான் ஆளைப் படுத்தும். பாம்பன், மண்டபம், உச்சிப்புளியிலிருந்து பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் வீடு கட்டுகிறவர்கள், சுற்றுச்சுவர் எடுக்கிறவர்கள், வண்டி நிறுத்த இடம் ஒதுக்குகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாடு உண்டு. எங்கள் வளவிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் தூர் எடுத்துப் பழகியதில் எனக்கு ஒன்று தெரிந்தது. சிக்கல் எப்படி வெளியே தெரிகிறதோ அதை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம். அதனால் அறிகுறி வாரியாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

கடப்பாரையை எடுக்கும் முன்

முதலில், அது எந்த மரத்தின் தூர் என்று தெரிய வேண்டும். பனைக்கும் தென்னைக்கும் உயிர் உச்சிக் குருத்தில் இருக்கிறது. தலை போனால் தூர் துளிர்க்காது. வேலிக்கருவை, புளி, பூவரசு, முருங்கை எல்லாம் தூரிலிருந்தே மறுபடி கிளம்பும். வேம்பு தூரிலிருந்தும் வரும், தள்ளியிருக்கும் வேரிலிருந்தும் வரும். சவுக்கு பெரும்பாலும் அப்படியே பட்டுவிடும். மணலில் நின்ற சவுக்குத் தூர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், இரண்டு ஆள் அரை நாளில் எடுத்துவிடலாம்.

வாங்கிய மனையில் என்ன மரம் என்றே தெரியாத பழைய தூர் கிடந்தால், கோடாலியால் பக்கவாட்டில் ஒரு செதில் எடுத்துப் பாருங்கள். பட்டைக்கு அடியில் ஈரமாகப் பச்சை தெரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. வளையம் எதுவும் இல்லாமல் கறுப்புப் புள்ளிகளும் நாருமாக இருந்தால் அது பனை வகை.

இரண்டாவது, மண். நம் மாவட்டத்தில் கடலை ஒட்டி மணல், சற்று உள்ளே போனால் களியும் கரிசலும். இரண்டுக்கும் காலம் வேறு. மணலில் தூர் எடுக்க ஆனி, ஆடி, ஆவணிதான் நல்லது, அப்போது நிலத்தடி நீர் கீழே இறங்கியிருக்கும். களிமண்ணில் அந்த மாதங்களில் கடப்பாரை போட்டால் கைதான் நோகும், மண் பாறையாகிக் கிடக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழை நின்று, ஈரம் சற்று வாடிய தை மாதம்தான் களிமண்ணுக்குச் சரி. இதை மாற்றிச் செய்ததால் இரட்டைக் கூலி கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாகச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். தூரைச் சாகடிக்கிறேன் என்று எதையும் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய், டீசல், பழைய என்ஜின் ஆயில், கல்லுப்பு, களைக்கொல்லி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வேறு ஊரில் எப்படியோ, நம் மணலில் அது ஆகாது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நாம் கிணற்றிலும் ஊற்றிலும் இறைத்துக் குடிப்பது அந்தப் படலத்தைத்தான். மணலில் ஊற்றியது எதுவும் மேலே தங்குவதில்லை, நேராக அந்தத் தண்ணீருக்குத்தான் போகும். ஒரு தூருக்காக ஒரு கிணறு கெட்டால், அதைத் திரும்பச் சரிசெய்ய எத்தனை மழை வேண்டுமோ. உப்பு போட்டால் இன்னொரு கேடும் உண்டு. பக்கத்துச் சுவரில் அது ஏறிப் பூச்சை உதிர்க்கும். கடல் காற்றில் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் சுவருக்கு நாமும் உப்பு ஊட்ட வேண்டியதில்லை.

அறிகுறி: வெட்டி ஒரு மாதம் ஆகவில்லை, சுற்றிலும் துளிர் கிளம்பிவிட்டது

பெரும்பாலும் இது வேலிக்கருவை. அரசுத் தாள்களில் சீமைக்கருவேலம் என்று இருக்கும். தரை மட்டத்தில் அறுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் காரணம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது, எங்கள் பக்கத்தில் மேலோடு வெட்டிய இடமெல்லாம் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்ந்து நின்றது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டு வந்திருந்தது.

கரிமூட்டம் போடும் பெரியவர் ஒருவர் எங்கள் வளவுக்கு வந்தபோது, நான் இரண்டு தரம் வெட்டி அலுத்துப்போன தூரைக் காட்டினேன். "தம்பி, தலையை எத்தனை தரம் வெட்டினாலும் இது சாகாது. கழுத்தைப் பாருங்க" என்றார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையால் மணலை விலக்கி, அரை வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் காட்டினார். தண்டும் வேரும் சேரும் இடம் தடித்துப் போய், மரு மருவாக மேடு தட்டியிருந்தது. சில மருக்களின் நுனியில் அரிசி முனை அளவுக்குப் பச்சைக் கூர் எட்டிப் பார்த்தது. அடுத்த துளிர் அங்கேதான் காத்திருக்கிறது. அந்த மருப்பகுதிக்குக் கீழே வேர் வழவழவென்று இறங்குகிறது. அங்கே ஒரு மருகூட இல்லை. கழுத்து முழுக்க வெளியே வந்துவிட்டால், கீழே மிச்சமிருக்கும் வேர் துளிர்க்காது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். தூரைச் சுற்றி இரண்டடி விட்டு மண்ணை அள்ளுங்கள். கழுத்தைக் கழுவி, மரு எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பக்க வேர்களை முதலில் துண்டித்துவிட்டு, நடுவேரை மருவுக்கு ஒரு சாண் கீழே அறுங்கள். சாதாரணமாக இது தரையிலிருந்து ஒரு அடி ஆழத்துக்குள் வந்துவிடும். வெளியே எடுத்த கட்டையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கழுத்தில் ஒரு பக்கம் பிளந்து மண்ணுக்குள் நின்றிருந்தால் அந்தத் துண்டு மட்டுமே போதும், மழைக்கு மரமாகிவிடும்.

கரையோரத்தில் மட்டும் ஒரு ஏமாற்று உண்டு. காற்று அள்ளிவரும் மணலைக் கருவைப் புதர் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐந்தாறு ஆண்டில் புதருக்கு அடியில் மணல் மேடு உருவாகிவிடும். மேட்டின் உச்சியிலிருந்து ஒரு அடி தோண்டினால் நீங்கள் தொடுவது தண்டைத்தான். கழுத்து இன்னும் கீழே பழைய தரை மட்டத்தில் கிடக்கிறது. முதலில் மேட்டைச் சுற்றுப்புறத் தரைக்குச் சமமாக வழித்துவிட்டு, அதற்குப் பிறகு ஆழத்தைக் கணக்கிடுங்கள்.

தூரை எடுத்த பின்னும் அங்கே பச்சை தெரிந்தால் பதற வேண்டாம், ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மெல்லிய ஒற்றை வேரோடு முழுசாகக் கையில் வந்தால் அது விதையில் முளைத்த கன்று. ஆடு நெற்றைத் தின்று போட்ட புழுக்கையிலிருந்து வரும், மண்ணில் உறங்கிய விதையும் பல ஆண்டு கழித்து முளைக்கும். மழை ஈரத்திலேயே கையால் பிடுங்கிவிடலாம். பிடுங்க வராமல் கீழே கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் மறுபடி தோண்ட வேண்டும்.

முள்ளில் கவனம். ரப்பர் செருப்பைக் கருவை முள் துளைத்துவிடும். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறி வீங்கினால் வீட்டில் ஊசியால் கிளறாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, கூலி கொடுக்கும் முன் கரிமூட்டக்காரர்களைக் கேளுங்கள். தூர்க்கட்டை கனமானது, நல்ல கரி தரும். பத்துப் பதினைந்து தூர் இருந்தால் கட்டைக்கே பேசி எடுத்துவிடச் சொல்லலாம். ஆனால் "கழுத்தோடு எடுக்கணும், குழியை மூடணும்" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தூரை எடுத்தாச்சு, பத்தடி தள்ளிக் கன்று வருகிறது

வேம்பு. மண்வெட்டியோ கடப்பாரையோ பட்டு வேரில் காயமானால் அந்த இடத்திலிருந்தே கன்று விடும். வரிசையாக ஒரே கோட்டில் வந்தால் சந்தேகமே வேண்டாம், கீழே ஒரே வேர்தான் ஓடுகிறது. கன்றை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தால் கிளை கூடும். கோட்டின் நடுவில் அரை அடி தோண்டி, வேரைக் கண்டுபிடித்து, நீளவாக்கில் தூக்கி வெளியே எடுங்கள். மணலில் அது சுலபமாகவே உருவி வரும். மிச்சம் இருக்கும் வேர் இலை இல்லாமல் சோறு செய்ய முடியாது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, இலை விரியும் முன்பே கிள்ளி வந்தால் சில மாதங்களில் ஓய்ந்துவிடும்.

பூவரசு, முருங்கை, கிளுவை வெட்டும்போது வேறு ஒரு கவனம் தேவை. வெட்டிய போத்தை ஈர மண்ணில் போட்டு வைத்தால் அதுவே வேர் பிடிக்கும். வேலிக்கு நட்டு வளர்ப்பதே இப்படித்தானே. துண்டுகளைத் தரையில் பரப்பாமல் கல்லின் மேலோ சிமெண்டுத் தரையிலோ காய விடுங்கள்.

அறிகுறி: குழியில் தண்ணீர் ஊறுகிறது, மணல் சரிந்துகொண்டே இருக்கிறது

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்து வளவுகளில் இது சாதாரணம். மழைக்காலம் முடிந்த கையோடு தோண்டினால் சில இடங்களில் இடுப்பளவு ஆழத்திலேயே தண்ணீர் காணும். காத்திருக்க முடியும் என்றால் ஆனி வரை காத்திருங்கள். முடியாது என்றால் தோண்டும் விதத்தை மாற்ற வேண்டும்.

கிணறு வெட்டுவது போல நேராக இறக்காதீர்கள். மணல் செங்குத்தாக நிற்காது. ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி வீதம் பக்கத்தைச் சரிவாக அகட்டிக்கொண்டு போங்கள். அள்ளிய மணலைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காமல் மூன்றடியாவது தள்ளிக் கொட்டுங்கள், அந்தக் கனமே பக்கத்தைச் சரிக்கும். இடுப்புக்கு மேல் ஆழம் போனால் ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் கட்டாயம் மேலே நிற்க வேண்டும். மணல் சரிவது சத்தமில்லாமல் நடக்கும். மார்பு வரை மூடிவிட்டாலே மூச்சு விட முடியாது. வேலை நிற்கும் இரவுகளில் குழியைப் பலகையால் மூடுங்கள். பிள்ளைகளுக்கு மணல் குழி என்றால் விளையாட்டு.

மணலில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. தோண்டுவதைவிடக் கழுவுவது சுலபம். வீட்டு மோட்டார்க் குழாயின் முனையை விரலால் அழுத்திப் பிடித்து வேரின் மேல் அடித்தால் மணல் கரைந்து ஓடி, வேர் பளிச்சென்று தெரியும். எங்கே வெட்ட வேண்டும் என்று தேட வேண்டாம். இரம்பமும் பிழைக்கும், ஏனென்றால் மணல் ஒட்டிய வேரை அறுத்தால் இரண்டே இழுப்பில் பல் மழுங்கிவிடும். மரம் அறுக்கும் மெஷின் வாடகைக்கு எடுத்தவர்கள் இதை மறக்கவே கூடாது. சங்கிலி ஒரு தடவை மணலைத் தொட்டால் அன்றைய வேலை போச்சு. ஆனால் குழாயடிக்கு நல்ல தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். கடல் தண்ணீரோ உவர் போர் தண்ணீரோ வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

அறிகுறி: சுற்று வேரெல்லாம் அறுத்தும் தூர் அசையவில்லை

நடுவில் ஆணிவேர் நிற்கிறது. புளி, வேம்பு, கருவை மூன்றிலும் இது உண்டு. இங்கே பலர் செய்யும் தவறு, மரத்தை அறுக்கும்போதே தரையோடு அறுத்துவிடுவது. நான்கடி தண்டை விட்டு அறுத்திருந்தால் அதுவே நெம்புகோல். வள்ளத்தைக் கரையேற்றும்போது நீளக் கழியைக் கொடுத்து நெம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்கு. தண்டின் உச்சியில் கயிறு கட்டி முன்னும் பின்னும் ஆட்டினால் ஆணிவேர் எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று தெரியும். அந்தப் பக்கம் மண்ணைப் பறித்து வேரை அறுங்கள்.

ஏற்கெனவே தரையோடு அறுத்துவிட்டீர்களா? சரி, அப்படியானால் தூரை மொத்தமாக எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஆப்பும் சம்மட்டியுமாக நீளவாக்கில் பிளந்து துண்டு துண்டாக எடுங்கள். நாள் கூடும், ஆனால் வேலை முடியும்.

கயிறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் படகுக்கு வாங்கிய பழைய நைலான் கயிறு எல்லா வீட்டிலும் கிடக்கும். அதை டிராக்டரில் கட்டித் தூரை இழுக்கிறார்கள். நைலான் நன்றாக இழுபட்டு நீளும். அறுந்தால் நீண்ட வேகத்திலேயே திரும்பி அடிக்கும், எலும்பை முறிக்கும். உப்பிலும் வெயிலிலும் கிடந்த கயிறு எப்போது அறும் என்று யாராலும் சொல்ல முடியாது. இழுக்கத்தான் வேண்டும் என்றால் செயின் கப்பி வாடகைக்குக் கிடைக்கும், மெல்ல மெல்ல ஏற்றலாம். வண்டியை வேகமாகக் கிளப்பிச் சுண்டி இழுப்பது வேண்டாம். கயிறோ சங்கிலியோ, இழுக்கும் நேரத்தில் அதன் நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது.

அறிகுறி: கோடாலி இறங்காமல் துள்ளுகிறது

பனை. பனையில் வைரம், அதாவது கெட்டியான பகுதி, வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே போகப் போக மெத்தென்ற சோறு. வெளியிலிருந்து வெட்டினால் இரும்போடு சண்டை போடுவது போலத்தான். மேலிருந்து நடுவைக் குடையுங்கள். கடப்பாரையால் நடுச்சோற்றைக் குத்திக் கிளறி, குடைந்த குழியில் சாணக் கரைசலும் ஈர மண்ணும் நிரப்பி, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளித்து வந்தால் உள்ளே மக்கும். ஓடு மட்டும் மிஞ்சியதும் ஆப்பு வைத்துப் பிளந்து எடுக்கலாம். இதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அவசரம் என்றால் சுற்றிலும் அகலமாகத் தோண்டிச் சல்லி வேர்களை வளைத்து அறுத்துத் தள்ளுவதுதான் வழி, ஆணிவேர் கிடையாது. ஆனால் வேர்கள் கூட்டமாக, விரல் தடிமனில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பொறுமை வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உயிரோடு நிற்கும் பனையைத் தூரோடு எடுக்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பனை ஆளாகப் பதினைந்து இருபது ஆண்டு ஆகிறது. நம் வறண்ட கரையில் தண்ணீர் ஊற்றாமலே நிற்கும் மரம் அது. சுவரை இரண்டடி தள்ளிக் கட்ட முடியுமா என்று கொத்தனாரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பட்டுப்போன பனையின் தூருக்குத்தான் மேலே சொன்னது.

அறிகுறி: தென்னந்தூரைப் பிளந்தால் உள்ளே தடித்த வெள்ளைப் புழுக்கள்

தென்னந்தூரை மக்க விடாதீர்கள். பனைக்குச் சொன்ன வழி தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் ஆகாது. மக்கிய தென்னையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு மூன்று நான்கு மாதத்துக்கு மேல் அங்கேயே தின்று வளர்ந்து, வண்டாகிப் பறந்து போய், உயிருள்ள தென்னையின் குருத்தைக் குடையும். விரியும் மட்டையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோணம் முக்கோணமாக விழுந்திருந்தால் அது இந்த வண்டின் வேலை. உச்சிப்புளிச் சுற்று வட்டாரத்தில் தென்னை வைத்திருக்கும் எல்லாருக்கும் அந்த வெட்டு பழக்கம்.

புழுவை ஒரு குச்சியால் உருட்டிப் பாருங்கள். கட்டைவிரல் தடிமனில், வளைந்து சுருண்டு, பழுப்புத் தலையோடு, முன்பக்கம் மூன்று ஜோடிக் கால் இருந்தால் காண்டாமிருக வண்டின் புழு. காலே இல்லாமல் நடு உடல் பருத்துத் தள்ளாடினால் சிவப்புக் கூன்வண்டின் புழு. அது இன்னும் மோசம், தோப்பில் எங்கோ உயிருள்ள மரத்திலும் இருக்கக்கூடும் என்று பொருள். அடிமரத்தில் பழுப்புச் சாறு வடியும் மரம் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், நொடியில் தீர்த்துவிடும். தூரைத் துண்டு போட்டு, வெயிலில் நன்றாகக் காய வைத்து அடுப்புக்கு எடுத்துவிடுங்கள். பக்கத்தில் குப்பைக்குழி இருந்தால் அதையும் கிளறிப் பார்க்க வேண்டும், அதே புழு அங்கும் இருக்கும். தென்னைக்கும் ஆணிவேர் இல்லை. அடிக்கிழங்கைச் சுற்றி இரண்டடி அகலம் தோண்டிச் சல்லி வேர்களை அறுத்தால், நீளத் தண்டு விட்டிருக்கும் பட்சத்தில் நான்கு பேர் தள்ளியே சாய்த்துவிடலாம்.

அறிகுறி: காற்றில் சாய்ந்த மரம், வேரோடு மண்தட்டு சுவர் போல எழும்பி நிற்கிறது

இதற்கு நிதானம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த பிறகு டெல்டாப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். மரம் படுத்திருக்கும், அடியில் குழி, குழிக்கு மேல் வேர்த்தட்டு நிற்கும். தட்டைத் தூக்கிப் பிடித்திருப்பது கீழே கிடக்கும் மரத்தின் கனம். மரத்தை அறுத்த நொடியில் அந்தக் கனம் போய்விடும், தட்டு பழைய குழிக்குள் படாரென்று திரும்பும். குழிக்குள் யார் நின்றாலும் உயிருக்கு ஆபத்து. குழிப்பக்கம் ஆள், பிள்ளை, ஆடு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, மின்கம்பி மேலே கிடக்கவில்லை என்பதையும் மின்வாரியத்திடம் உறுதிசெய்த பிறகுதான் அறுக்க வேண்டும். அடிப்பக்கம் ஐந்தாறடி தண்டை விட்டு அறுங்கள். தட்டு திரும்பி விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு சாதாரணத் தூர்தான், அந்தத் தண்டே நெம்புகோல். இப்படி ஒரு மரத்தை இதற்கு முன் அறுத்துப் பழகாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: தூர் சுவரையோ குழாயையோ ஒட்டி நிற்கிறது

எங்கள் வீட்டில் நடந்தது. பூவரசந்தூர் ஒன்றை எடுக்க ஜேசிபி வரவழைத்தோம். ஐந்து நிமிடத்தில் தூர் மேலே வந்தது, கூடவே குடிநீர்க் குழாயும் வந்தது. வேர் குழாயைச் சுற்றிப் பின்னியிருந்ததை ஓட்டியவரும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. மூன்று நாள் வீட்டில் தண்ணீர் இல்லை. வெயிலில் என் தாயார் பக்கத்துத் தெருவிலிருந்து குடம் சுமந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அதனால் மெஷின் வரும் முன் தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு, ஓரடி ஆழத்துக்குக் கையால் வாய்க்கால் எடுங்கள். குடிநீர்க் குழாய், போர் மோட்டார் வயர், செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி எங்கே இருக்கின்றன என்று கட்டியவரிடம் கேட்டுச் சுண்ணாம்பால் தரையில் கோடு போடுங்கள். கோட்டின் பக்கம் போகும் வேரைக் கையால் அறுத்துத் தூரிலிருந்து பிரித்த பிறகுதான் இழுக்கலாம்.

அஸ்திவாரத்துக்கு அடியில் போகும் வேரை இழுக்கவே கூடாது. சுவரின் விளிம்போடு அறுத்துவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விடுங்கள். உருவினால் அங்கே வெற்றிடம் விழும், மணல் இறங்கும், சுவர் விரியும். களிமண் மனையில் இன்னொன்றும் நடக்கும். பெரிய மரம் பல ஆண்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த இடத்தில் மரம் போனதும் மண் ஈரம் கூடி வீங்கும். வீட்டை ஒட்டிய பெரிய மரம் என்றால் எடுக்கும் முன் ஒரு பொறியாளரிடம் காட்டுவது நல்லது.

அறிகுறி: கொளுத்தி இரண்டு நாளாச்சு, எங்கிருந்தோ புகை வருகிறது

வீட்டு வளவில் தூரைக் கொளுத்துவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஓலை வேலி, ஓலைக் கொட்டகை, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்று மூன்றும் சேர்ந்த ஊர் நம்முடையது. காய்ந்த மணலில் நெருப்பு வேர் வழியாகவே ஊர்ந்து போகும். மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே குழாய் போலப் பொள்ளலாகிக் கங்கு கிடக்கும். மேலே கால் வைத்தால் மணல் உடைந்து கால் உள்ளே போகும்.

ஏற்கெனவே கொளுத்திவிட்டீர்கள் என்றால், புகை வரும் இடத்துக்கும் தூருக்கும் நடுவே நடக்காதீர்கள், யாரையும் நடக்க விடாதீர்கள். வேர் போகும் திசையில் தள்ளி நின்று, நீளக் கைப்பிடி மண்வெட்டியால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் ஆவி அடங்கும் வரை தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலையில் புறங்கையை மண்ணுக்கு மேல் சற்று உயரத்தில் பிடித்துப் பாருங்கள். வெக்கை அடித்தால் இன்னும் அணையவில்லை.

அறிகுறி: தூரில் மண் கோடு ஏறியிருக்கிறது

கறையான். மண் கோட்டில் ஒரு விரல் அளவு உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே கூட்டம் இருக்கிறது. வீட்டுச் சுவருக்குப் பக்கத்துத் தூர் என்றால் நாள் கடத்த வேண்டாம், தோண்டி எடுத்து வளவுக்கு வெளியே கொண்டுபோங்கள். மருந்தடிக்க ஆள் வந்தால் கிணறு எங்கே என்று முதலில் காட்டுங்கள்.

பொந்து விழுந்த தூரில் கைவிடுவதற்கு முன் கழியால் தட்டிப் பாருங்கள். சுருட்டை விரியனும் தேளும் அந்த மாதிரி இடத்தில்தான் ஒண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: மூடிய குழி மழைக்கு அமுங்கிவிட்டது

ஒரே தடவையில் மண்ணைத் தள்ளி மூடியதால் வந்தது, அல்லது சிராயும் வேர்த்துண்டுமாக உள்ளே போட்டு மூடியதால். கட்டை மக்க மக்கத் தரை இறங்கும். குழியை மறுபடி திறந்து மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். முக்கால் அடிக்கு ஒரு தடவை மணல் போட்டு, தண்ணீர் தேங்க விட்டு, வடிந்ததும் திமிசு போட்டு இடித்து, அடுத்த அடுக்கைப் போடுங்கள். களிமண் என்றால் தண்ணீர் தேக்காமல், கட்டியை உடைத்து லேசான ஈரத்தில் இடிக்க வேண்டும். மேலே நான்கு விரல் உயரம் கூடுதலாகவே விடுங்கள். ஒரு வடகிழக்கு மழை முழுசாகப் பெய்து முடியும் வரைக்கும் அந்த இடத்தில் தூணோ சிமெண்டுத் தரையோ போட வேண்டாம்.